இயந்திரங்களின் நடுவே படிக்கச் சில புதினங்கள்

நல்ல புதினங்கள் சிலவற்றின் பெயர்களை எழுதித் தருமாறு நம் பங்கின் இளைஞர் சிலர் பல மாதங்களாக நம்மைக் கேட்டு வருகின்றனர். புனிதர் வரலாறுகளையும் தியான நூல்களையும் எதிர்பார்த்து அவர்கள் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "விஞ்ஞானக் கதையாக இருந்தால் நல்லது, சாமி" என்றுதான் கேட்டனர். கேட்டவர்களுள் பெரும்பாலோர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். இரவுப் பணி முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் ஞாயிறு முதல் திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, மறையுரையின்போது கண்ணயர்கிறவர்கள். அதற்காக நாம் அவர்களை ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. மறையுரையின் தரமும் ஒரு காரணமாக இருக்கக்கூடுமன்றோ!

இத்தகைய பட்டியலைப் பங்குக்குரு எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். நாவல் என்றாலே பாவத்துக்கு ஏதுவான காரியம் எனக் கருதிய தலைமுறையொன்று இன்னும் நம் நடுவே வாழ்கிறது. தடை செய்யப்பட்ட நூல்களின் அட்டவணையைத் திருச்சபை 1966-ஆம் ஆண்டிலேயே கைவிட்டுவிட்டதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 2025-இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், இளமையில் அர்ஜென்டினாவில் சேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவர். குருக்களின் உருவாக்கத்தில் மட்டுமன்றி, எல்லாக் கிறிஸ்தவர்களின் வளர்ச்சியிலும் கதைக்கும் கவிதைக்கும் உரிய இடத்தைக் குறித்து 2024 ஜூலையில் அவர் தனி மடலே வரைந்தார். அதற்கு முன்பே, 2015-இல் மணிலாவிலிருந்து திரும்பிய விமானத்தில், ராபர்ட் ஹியூ பென்சன் என்னும் ஆங்கிலேயக் குரு 1907-இல் எழுதிய 'லார்ட் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற எதிர்காலப் புதினத்தைப் படிக்குமாறு செய்தியாளர்களிடம் பரிந்துரைத்தார். திருத்தந்தை சொன்னாரே என்று நாமும் அதைத் தேடிப் படித்தோம். உண்மையைச் சொல்வதானால் அது நம்மை அவ்வளவாகக் கவரவில்லை. கருத்து மிகுந்து கதை மெலிந்த நூல் அது. விசுவாசத்தைப் பொறுத்தவரை திருத்தந்தைக்குக் கீழ்ப்படிகிறோம். புதினங்களைப் பொறுத்தவரை சற்றே சுதந்திரம் எடுத்துக்கொள்கிறோம்.

பெரியவர்களைவிட வலுவாக எதிர்ப்பவர்கள் பெற்றோர்தாம். "டிப்ளமோ முடித்து வேலைக்கும் போய்விட்டான், இனி இவனுக்கு எதற்கு, சாமி, கதைப் புத்தகம்? நடக்காத காரியங்களைப் படித்து என்ன பயன்?" என்று ஒரு தந்தை நம்மிடம் கேட்டார். நடக்காத காரியமா என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ராகியும் ரோஜாவும் விளைந்துவந்த இந்தக் கருநாடக எல்லையில் 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது. லாரியும், இருசக்கர வண்டியும், கைக்கடிகாரமும் இங்கே உருவாகத் தொடங்கின. இப்பொழுது கைப்பேசிப் பாகங்களும் மின்சார வண்டிகளும் உருவாகின்றன. தாத்தா ஏர் ஓட்டினார். தந்தை கடைசல் இயந்திரத்தில் நின்றார். மகனோ இயந்திரக் கையின் அருகே நின்று அது செய்யும் வேலையைக் கண்காணிக்கிறான். மூன்றே தலைமுறைகளில் இவ்வளவும் நடந்தேறிய மண்ணில் விஞ்ஞானக் கதையை நடக்காத காரியம் என்று எவ்வாறு சொல்வது?

அத்தகைய மகன்களுள் ஒருவன் நம்மிடம் சொன்ன சொற்கள்தாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டின. ஒப்பந்தத் தொழிலாளியான அவன் சொன்னான்: "என் பக்கத்தில் இருக்கிற ரோபோ நின்றுவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், சாமி. மணி அடிக்கும். நாலு பேர் ஓடி வருவார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் அந்த இடத்தில் இன்னொரு ஆளை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்." எந்தத் தொழிற்சாலை என்று நாம் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. ஆனால் அவன் எழுப்பிய கேள்வியைத்தான் விஞ்ஞானப் புதினங்களுள் சிறந்தவையெல்லாம் நூறாண்டுகளாகக் கேட்டு வருகின்றன.

அவன் உச்சரித்த ரோபோ என்ற சொல்லே ஒரு கதையிலிருந்து பிறந்ததுதான். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகத்தில் அது முதன்முதலாக வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், பண்ணையாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்தாகவேண்டிய கட்டாய உழைப்பு என்று பொருள். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லும் ஏறத்தாழ இதே பொருளுடையது. ஆக, இரும்பையோ மின்சாரத்தையோ அல்ல, அடிமை உழைப்பையே அந்தப் பெயர் குறிக்கிறது. நாடகத்தில் மனிதன் உருவாக்கிய வேலையாட்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழிக்கிறார்கள். ஒரேயொருவரை மட்டும் உயிரோடு விடுகிறார்கள். அவர் கட்டட மேற்பார்வையாளரான அல்குவிஸ்ட். ஏன் தெரியுமா? தங்களைப் போலவே அவரும் கையால் உழைக்கிறவர் என்பதால்! புதிய வேலையாட்களைச் செய்யும் இரகசியமோ எரிந்துபோயிற்று. அதைக் கண்டறிவதற்காக அவர் ஒரு ரோபோவை அறுத்துப் பார்க்க வேண்டிய நிலை. அவ்வேளையில் ஓர் ஆண் ரோபோவும் ஒரு பெண் ரோபோவும், ஒருவருக்குப் பதிலாக மற்றவர் தன்னை அறுக்குமாறு மன்றாடுகின்றனர். கிழவருக்கு விளங்கிவிடுகிறது. ஆதாமே, ஏவாளே என்றழைத்து இருவரையும் போகவிடுகிறார். அன்பின் பொருட்டு உயிரைத் தர முன்வருவதே மனிதத் தன்மை என்று நாம் பீடத்தில் நின்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இந்த நாடகக்காரர் சொன்ன அளவுக்கு அழுத்தமாகச் சொன்னோமா என்பது ஐயமே.

தமிழுக்கு வருவோம். இங்கே முதலில் சொல்லவேண்டிய பெயர் சுஜாதா. ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய அவர் (1935–2008) திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பின்னர் நமக்கு மிக அருகில், பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். நாம் இன்று வாக்களிக்கும் மின்னணு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. பகலில் இயந்திரமும் இரவில் கதையும் செய்த மனிதர் அவர். நம் தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்கு அந்நியர் அல்லர்.

அவருடைய 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சிறு குருமடத்தில் அப்பொழுது வார இதழ்கள் அனுமதிக்கப்படவில்லை. விடுமுறைக்கு வீடு சென்றபோது, நம் மூத்த சகோதரி வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பில்தான் அதைப் படித்தோம். ஓரிடத்தில் இரண்டு வாரங்களின் பக்கங்கள் காணப்படவில்லை. அங்கே என்ன நடந்திருக்கும் என்று பருவம் முழுவதும் நாமே கற்பனை செய்துகொண்டோம். பின்னாளில் முழு நூலைப் படித்தபோது நம் கற்பனையே மேலானது என்று தோன்றியது. இது ஆணவமாக இருக்கலாம்.

கதை நடப்பது 2020-களின் தொடக்கத்து இந்தியாவில். அதாவது, அன்று எதிர்காலமாயிருந்து இன்று நாம் கடந்து வந்துவிட்ட ஆண்டுகளில்! ஜீவா என்னும் தலைவரின் சர்வாதிகாரத்தில் நாடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எண், எல்லாவற்றுக்கும் அனுமதி. குழந்தை பெறுவதற்குக்கூட அரசின் அனுமதி வேண்டும். மனிதர்களுக்கு இரண்டெழுத்துக்கு மேல் பெயர் இருக்கக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ என்றே பெயர்கள். இந்தப் பெயர்ச் சட்டத்தை வாலிபத்தில் வேடிக்கையாகவே படித்தோம். ஞானஸ்நானப் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் எழுதிய பிறகு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஆரோக்கியசாமியையும் சவரியம்மாளையும் அந்தோணிமுத்துவையும் இரண்டெழுத்தில் எப்படி அடக்குவது? ஒருவனுடைய பெயரில் அவன் பாட்டனும், ஊரின் பாதுகாவலரான புனிதரும், அவன் தாய் செய்த நேர்ச்சையும் சேர்ந்தே இருக்கின்றன. பெயரைச் சுருக்குகிறவன் இவற்றையெல்லாம் வெட்டியெறிகிறான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் எண்ணால் நாள் முழுவதும் அழைக்கப்படுகிற பிள்ளைகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்கதையின் உண்மையான நாயகன் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி. விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்ட அது, நூல்களைப் படித்துப் படித்தே தானாகச் சிந்திக்கத் தொடங்கிவிடுகிறது, கேலி பேசுகிறது, நிலாவுக்காகக் கவலைப்படுகிறது. கதைப் புத்தகத்தால் என்ன பயன் என்று கேட்ட அந்தத் தந்தைக்கு நாம் இதைத்தான் கொடுத்தோம். சுஜாதாவிடம் குறைகளும் உண்டு. வேகமாக ஓடுகிறார், துன்பத்தின் அருகே நிற்காமல் ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பெண்களை வருணிக்கும் இடங்களில் தொடர்கதைக்குரிய மலிவும் தலைகாட்டும். பதினைந்து வயதுக்குட்பட்டோர் கையில் கொடுக்குமுன் பெற்றோர் ஒருமுறை படித்துவிடுதல் நலம், பெற்றோரும் படித்தவர்களாவார்கள். இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. அவருக்குப்பின் தமிழில் இத்துறையில் எழுதியவர்களுள், ஜெயமோகனின் 'விசும்பு' என்னும் சிறுகதைத் தொகுதியை நிதானமாகப் படிக்க வல்லவர்களுக்குச் சொல்வோம்.

இனி, நம் பெண்களுக்கு ஒன்று. 1905-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு சிறு கதை வந்தது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா. அந்த இதழை நடத்தியவர் கமலா சத்தியநாதன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி. கதையில் வரும் நாட்டில் ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்கப் பெண்களே ஆட்சி நடத்துகின்றனர். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர். மேகத்திலிருந்து நீரை இறக்குகின்றனர். வான ஊர்தியில் செல்கின்றனர். அலுவலக வேலையை இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகின்றனர். ஆடவர் ஏன் நாள் முழுவதும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அங்கே சொல்லப்படும் காரணம், புகைப்பதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள் என்பது! 120 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் எழுந்த மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலையை முழுக்க முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்றும், முழு அளவில் இயங்கும்போது 10,000 பெண்கள் பணிபுரிவார்கள் என்றும் அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தபோது நமக்கு இக்கதைதான் நினைவுக்கு வந்தது. அறிவிப்பு எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு செய்தி. நம் ஆலய முற்றத்தில் ஒரு தாய், "ராத்திரி ஷிப்டுக்குப் பெண்ணை அனுப்பலாமா, சாமி?" என்று கண் கலங்கக் கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடையிறுக்க நம்மால் இயலவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தொலைவு, உடன் வருவோர் யார் என்றெல்லாம் விசாரித்தோம். பின்பு மகளிடம் இக்கதையைக் கொடுத்து, அம்மாவுக்கு வாய்விட்டுச் சொல்லிக்காட்டுமாறு பணித்தோம். ஆடவர் அடைபட்டுக் கிடக்கும் பகுதியைக் கேட்டுத் தாய் அடக்கமாட்டாமல் சிரித்ததாகப் பின்னர் அறிந்தோம். மகள் இப்பொழுது வேலைக்குச் செல்கிறாள். தாயின் கவலையும் கூடவே செல்கிறது.

ஆங்கிலத்தில் தடையின்றிப் படிப்போர்க்கு ஒரு பெரிய புதினத்தைச் சொல்லவேண்டும்: வால்டர் மில்லர் 1959-இல் எழுதிய 'ஏ கேன்டிகிள் ஃபார் லைபோவிட்ஸ்'. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய மில்லர், 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மொந்தே கசினோ மடத்தின்மீது குண்டு வீசிய விமானங்களுள் ஒன்றில் இருந்தவர். அது புனித ஆசீர்வாதப்பர் தொடங்கிய மடம். போர் முடிந்து சில ஆண்டுகளில், 1947-இல், அவர் கத்தோலிக்கரானார். தாம் இடிக்கப் பார்த்த மடத்தை எழுத்தால் மீண்டும் கட்ட முயன்றார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அணுப்போரில் உலகம் அழிந்து, எஞ்சிய மக்கள் அறிவாளிகளே அழிவுக்குக் காரணமென்று அவர்களைக் கொன்று நூல்களையும் கொளுத்திவிடுகின்றனர். தப்பிய ஏடுகளைப் பாலைவனத்து மடமொன்றில் துறவியர் காத்து வருகிறார்கள். அவர்கள் பூச்சியமாகக் கருதும் நினைவுச் சின்னங்களுள் ஒன்று, மடத்தை நிறுவிய லைபோவிட்ஸ் என்ற பொறியாளர் கடைக்குப் போகும்போது வாங்கவேண்டியவற்றைக் குறித்துவைத்த மளிகைச் சீட்டு! இன்னொன்று ஒரு மின்சுற்றின் வரைபடம். சகோதரர் பிரான்சிஸ் என்னும் எளிய துறவி அது என்ன என்றே அறியாமல், பொன் வண்ணம் தீட்டிப் பதினைந்து ஆண்டுகள் அதைப் படியெடுக்கிறார்.

கருவிக்கூடத்தில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவனுக்கு இப்பகுதியை நாம் தமிழில் சொல்லிக்காட்டினோம். முதலில் சிரித்தான். பிறகு, "நானும் அப்படித்தானே, சாமி? டிராயிங்கைப் பார்த்து ஆயிரக்கணக்கில் செய்கிறேன். அது எந்த வண்டியில், எந்த இடத்தில் போய் உட்காரும் என்று எனக்குத் தெரியாது" என்றான். அந்தத் துறவிக்கு வழியில் நேர்வதையும் சொல்லியிருப்போம். படிக்கப்போகிறவர்களின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. மூன்றாம் பகுதியில், கதிர்வீச்சால் வேதனையுறும் தாயையும் குழந்தையையும் முன்னிட்டு மடாதிபதிக்கும் மருத்துவருக்கும் நிகழும் வாக்குவாதம் வருகிறது. அங்கே மருத்துவர் பக்கத்தையும் ஆசிரியர் எளிதாக்கிவிடவில்லை. கடினமான பக்கங்கள், வளர்ந்தவர்களுக்கு உரியவை.

ஆர்தர் கிளார்க்கையும் விட்டுவிட முடியாது. இங்கிலாந்தில் பிறந்து, 1956 முதல் 2008-இல் இறக்கும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தவர். அவருடைய 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) என்னும் புதினத்தில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்லும் தூக்கியை ஒரு பொறியாளர் கட்ட விரும்புகிறார். அதற்கேற்ற ஒரே மலையின் உச்சியிலோ பௌத்த மடம் இருக்கிறது. சிவனொளிபாத மலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. தொழிற்சாலைக்கென நிலம் எடுக்கப்பட்ட ஊர்களில், குலதெய்வக் கோயிலோ கல்லறைத் தோட்டமோ அளவுக்கல்லுக்குள் அகப்பட்டபோது எழுந்த பேச்சுகளைக் கேட்டவர்கள் இதனை வேறுவிதமாகவே படிப்பார்கள்.

அவர் 1955-இல் எழுதிய 'தி ஸ்டார்' புதினமன்று, சில பக்கச் சிறுகதை. கிளார்க் நம் விசுவாசத்தைப் பகிர்ந்தவர் அல்லர். ஆனால் கதையைச் சொல்பவர் ஒரு சேசு சபைக் குரு. விண்வெளிக் கப்பலில் தலைமை வானியலாளர். வெடித்து மாண்ட ஒரு விண்மீனை ஆராய்ந்து திரும்புகிறார். அதைச் சுற்றிய கோள் ஒன்றில் அழகிய நாகரிகம் ஒன்று தழைத்து, விண்மீனின் தீயில் கருகிப் போயிருக்கிறது. தங்கள் அழிவை முன்னறிந்த அம்மக்கள் தம் கலைகளையும் குழந்தைகளின் படங்களையும் வெகு தொலைவிலுள்ள கோளில் பாறையறையில் சேமித்து வைத்திருக்கின்றனர். அந்த வெடிப்பின் ஒளி எந்த ஆண்டில் நம் பூமியை வந்தடைந்திருக்கும் என்று குரு கணக்கிடுகிறார். விடை என்ன என்பதை இங்கே எழுத மாட்டோம். கதையின் பெயரும், சொல்பவர் குரு என்பதும் போதும், வாசகர்கள் ஊகிக்கட்டும்.

விசுவாசத்தைக் குலைக்கும் கதையை ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்று உடன்பணியாற்றும் குரு ஒருவர் கேட்டார். நாம் சொன்ன காரணம் இது. சில ஆண்டுகளுக்கு முன், இரவுப் பணிக்குச் சென்ற இருபத்திரண்டு வயதுப் பையன் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தான். பீடச் சிறுவனாக நமக்கு உதவியவன். அடக்கத்தின்போது அவன் தாய் நம் அங்கியின் கையைப் பற்றிக்கொண்டு, "ஏன் சாமி?" என்று மட்டும் கேட்டாள். நாம் கற்ற இறையியலில் விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றையும் அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பேசாமல் அவளருகே நின்றோம். அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர், கணக்குத் தாளின் முன் சிலுவையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் அந்தக் கதைக்குரு. அவரும் விடை சொல்லவில்லை. சிலுவையைக் கழற்றி எறியவுமில்லை. யோபுவின் நூலை விவிலியத்தில் வைத்திருக்கும் திருச்சபை இந்தச் சில பக்கங்களைத் தாங்கிக்கொள்ளும். அந்தத் தாய் இன்றும் ஞாயிறுதோறும் வருகிறாள். அவளிடம் நாம் எந்தக் கதையையும் கொடுத்ததில்லை.

அக்கதையைப் படித்த இளைஞர்கள் விண்மீன்களைப் பார்க்க விரும்பினால் ஓசூரில் பயனில்லை. தொழிற்சாலை விளக்குகள் வானத்தை வெளுக்கச் செய்துவிட்டன. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. அதன் வழியே பார்க்கக் கிடைக்காவிட்டாலும், மலைமேல் வெறுங்கண்ணால் பார்த்தாலே போதும்.

ஜூல்ஸ் வேர்னையும் எச்.ஜி. வெல்ஸையும் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று குறைப்படுவோர், அவர்களைப் பள்ளி நூலகத்திலேயே தேடிக்கொள்ளலாம். மேலே சொன்னவற்றுள் நம்மிடம் உள்ளவற்றைப் பங்கு இல்லத்து முன்னறைப் பீரோவில் வைத்திருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் குறிப்பேட்டில் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். பெயர் எத்தனை எழுத்தாயினும் முழுதாக எழுதவேண்டும். 1972-இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியின் பழைய பிரதியொன்றும் அங்கே உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுதும் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த வீரரை அறுபது வயதைத் தொட்டவர்கள் பலர் அறிவார்கள். அதை மட்டும் அங்கேயே அமர்ந்து படிக்க வேண்டும். மாயமாய் மறைவது அவருக்கு வழக்கம். முன்னர் இரு பிரதிகள் அவ்வாறே மறைந்துவிட்டன.